விமானத்துக்கு ஒரு மேசை

தர்மபுரம் சந்தித் தேத்தண்ணிக் கடையில் மேசை ஒரு நூல் சரிந்திருந்தாலும் வீரையாவுக்குத் தேத்தண்ணி இறங்காது. எழும்பிப்போய் ஒரு பெட்டி மட்டையைக் கிழித்து மடித்து, எந்தக் காலுக்குக் கீழே செருக வேண்டுமோ அந்தக் காலுக்குக் கீழே செருகிவிட்டு வந்துதான் குவளையைத் தொடுவார். கடைக்காரர் ஆரம்பத்தில் சிரித்தார். பிறகு புது மேசை வாங்கினாலும் வீரையா வந்து பார்க்கும்வரை ஆளை இருத்தமாட்டார்.

இருபத்தொன்பது வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மட்டக்கோல் பிடித்தவர் அவர். வாய்க்கால் வெட்டுவதற்கு முன் நிலத்தின் ஏற்ற இறக்கம் பார்க்க வேண்டும். உத்தியோகத்தர் முக்காலியில் கருவியை வைத்துக் குனிந்து பார்ப்பார். தூரத்தில் ஒருவர் இலக்கம் எழுதிய நீளக் கோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். கோல் சரிந்தால் கணக்குப் பிழைக்கும், கணக்குப் பிழைத்தால் தண்ணீர் வயலுக்குப் போகாமல் திரும்பி வரும். வீரையா பிடித்த கோலால் ஒரு வாய்க்காலும் திரும்பி ஓடியதில்லை.

அவர் பிறந்தது அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தபோது பதின்மூன்று வயது. மலையில் ஓடித் திரிந்த பையனுக்கு இந்தத் தரை பெரிய திகைப்பாக இருந்தது. எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகிறது என்று அதன் பின்னாலேயே நடந்து பார்ப்பானாம். அந்த நடைதான் இருபது வயதில் அவருக்குத் திணைக்களத்தில் வேலை வாங்கிக் கொடுத்தது என்று மனைவி வீரம்மா சொல்வார்.

கருவியில் குனிந்து பார்த்தவர் கதிர்காமநாதன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்பதால் ஊரில் எல்லாருக்கும் ரீ.ஓ. ஐயா. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பம். உத்தியோகம் முடிந்த பிறகு மனைவி சிவனேஸ்வரியோடு மூன்று ஏக்கர் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக் காலம் முழுவதும் இவருக்கும் வீரையாவுக்கும் இடையில் நூறு மீற்றர் தூரம் இருந்தது. கூப்பிட்டால் கேட்காது. ஐயா வலக்கையை நீட்டினால் கோலை வலப்பக்கம் சாய்க்க வேண்டும், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் அந்த இடம் முடிந்தது. ஒருவரின் தோள் அசைவைக் கொண்டே அவருக்குப் பசிக்கிறதா கோபமா என்று மற்றவர் சொல்லிவிடுவார். ஆனால் இருந்து பேசிய கதை என்று பார்த்தால் ஒரு பின்னேரத்துக்குக் காணாது.

போன ஐப்பசியில் ஐயாவின் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. ஐந்தடி நீளம். மகன் கோகுலன் சுவிற்சர்லாந்திலிருந்து அனுப்பியிருந்தான். முந்தின கோடையில் ஐயா அங்கே போயிருந்தபோது, மகன் ஒரு புல்வெளியில் றிமோட்டால் பெரிய விமானம் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறார். ஒருமுறை றிமோட்டைத் தன் கையில் வாங்கியும் பார்த்தாராம். திரும்பி வந்த நாளிலிருந்து ஏரியைப் பற்றியும் இல்லை, பனியைப் பற்றியும் இல்லை; அந்த விமானத்தைப் பற்றித்தான் கதை. ஆடி மாதம் லீவில் வரும்போது அப்பாவும் தானும் சேர்ந்து வயல்வெளியில் பறக்கவிடலாம், அதற்குள் அப்பா பொருத்தி வைக்கட்டும் என்பது கோகுலனின் எண்ணம்.

ஐயா வீரையாவுக்கு ஆளனுப்பினார்.

பெட்டியைத் திறந்தபோது வீரையாவுக்கு ஏமாற்றமாகப் போயிற்று. விமானம் எங்கே? வெள்ளை நிறத்தில் மெல்லிய பலகைத் தாள்களும், கட்டுக்கட்டாகக் குச்சிகளும், சுருட்டிய பெரிய வரைபடமும்தான் இருந்தன. ஒரு பலகையைத் தூக்கினார். முள்முருக்கந் தடியைவிட இலேசு. கையில் எதையோ வைத்திருக்கிறோம் என்ற நினைப்பே வரவில்லை.

“ஒன்பதடிச் சிறகு, வீரையா. குச்சியையும் தட்டுகளையும் ஒட்டி, மேல துணி மாதிரி ஒண்டு இழுத்து மூட வேணும். பிறகு என்ஜின்.”

“பறக்குமாங்க?”

“ஒழுங்கா ஒட்டினாப் பறக்கும். ஒட்டேக்க சிறகு ஒரு நூல் முறுகினாலும் நேர நிலத்திலதான்.”

வீரையா பலகையைப் பெட்டியில் வைத்தார். “அப்ப மொதல்ல மேசைங்க ஐயா. நேரான மேசை இல்லாம இதத் தொடக்கூடாது.”

ஐயா அவரைப் பார்த்த பார்வையில், இதற்குத்தானே உம்மைக் கூப்பிட்டேன் என்றிருந்தது.

பத்தடி நீளத்துக்கு நேரான பலகை தேடுவது பெண் தேடுவதைவிடக் கடினமாக இருந்தது. மரக்காலையில் வாங்கப் போன பலகைகள் எல்லாம் ஈரம். பள்ளிக்கூடத்துப் பழைய ரேபிள் ரெனிஸ் மேசை நடுவில் தொய்ந்திருந்தது. வீரையா ஒவ்வொன்றின் தலைப்பிலும் குந்தி, ஒரு கண்ணை மூடி, நீளத்துக்குப் பார்த்துவிட்டு எழும்புவார். “வயிறு விழுந்திருக்குங்க.” அடுத்தது. “முறுக்குங்க.” கடைசியில் புளியங்குளத்தில் மூடிவிட்ட புடைவைக்கடை ஒன்றில், துணி விரித்து அளக்கும் மேசைப் பலகை கிடைத்தது. நாற்பது வருடம் சேலை விரித்து விரித்து வழுவழுவென்றிருந்தது. வீரையா கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மற்றத் தலைப்புக்குப் போய் அங்கிருந்தும் பார்த்தார். பலகையைத் தடவிக் கொடுத்தார். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் பலகையை ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

சிவனேஸ்வரியின் மண்டபத்திலிருந்து கதிரைகள் விறாந்தைக்குப் போயின. ரீவி அறைக்குள் போயிற்று. தண்ணீர் நிறைத்த ரியூப்பின் ஒரு முனையை வீரையாவும் மறுமுனையை ஐயாவும் மேசையின் இரு தலைப்பிலும் பிடித்து, கால்களுக்குக் கீழே சோடாத் தகர மூடியைத் தட்டையாக்கி வைத்து, இரண்டு நாள் மட்டம் பார்த்தார்கள். ஐயா ரியூப்பைப் பிடித்தபடி வலக்கையை நீட்டுவார். வீரையா வலப்பக்கக் காலைத் தூக்குவார்.

குசினி வாசலில் நின்ற சிவனேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பத்தடியில நிக்கிற மனிசனுக்குக் கை காட்டுறியள். வாயில்லையோ உங்களுக்கு?”

இருவரும் வெட்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு பேசிப் பார்த்தார்கள், வேலை பிழைத்தது. திரும்பவும் கையாலேயே காட்டினார்கள்.

மேசை ஆயத்தம். அடுத்தது பொருள்களை ஒப்பிட்டுப் பார்ப்பது. ஐயா இலக்கத்தை வாசிக்க, வீரையா துண்டைத் தேடி எடுத்துக் காட்ட, சிவனேஸ்வரி ஒரு கொப்பியில் எழுதுவார். மொத்தம் இருநூற்றுப் பதினாலு துண்டுகள். ஒன்றும் குறையவில்லை. பிறகு குச்சிகளை நிறுத்தார்கள், கேக் அடிக்க மா நிறுக்கும் சின்னத் தராசில். இடச் சிறகும் வலச் சிறகும் ஒரே பாரமாக இருக்க வேண்டும் என்று பெட்டியோடு வந்த புத்தகத்தில் இருந்தது. வீரையாவுக்குத் தராசு தேவைப்படவில்லை. குச்சியை விரல்களுக்கிடையில் வளைத்து, “இது கொஞ்சம் வைரங்க, இது பிஞ்சு,” என்று பிரித்து வைப்பார். தராசு பிறகு ஆமென்று சொல்லும். வேலை முடிய, வரைபடம் விரிக்கும் நாள் வரும்வரை மேசையில் தூசு கூட இருக்கக்கூடாது என்று ஐயா பெட்டியை மேசைக்குக் கீழே வைக்கச் சொன்னார்.

“கீழ வேணாங்க. மழைக்காலம்.”

“சீமெந்து நிலந்தானே. வையும்.”

வீரையா வைத்தார்.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. வீரையா காலை எட்டு மணிக்கு வந்து நிற்பார். ஐயா முதலில், மழை ஈரத்தில் பசை பிடிக்காது என்றார். மழை விட்டது, பசை பழையதாக இருக்குமோ என்று வேறு பசைக்குச் சொல்லியனுப்பினார். பசை வந்தது, ஆங்கிலத்தில் வாசித்ததையே ஜேர்மன் பக்கத்திலும் ஒருமுறை சரி பார்க்க வேண்டும் என்று அகராதியோடு இருந்தார். ஒருநாள் வீரையா பொறுக்கமாட்டாமல் கூரான சின்னக் கத்தியைக் கையில் எடுத்தார்.

“ஒரு குச்சிய மட்டும் வெட்டிப் பாப்போமாங்க?”

ஐயா கத்தியை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். “அவசரப்படாதையும். இண்டைக்கு வேண்டாம்.”

இந்த மனிதர்தானா, நூறு மீற்றருக்கு அப்பால் நின்று ‘கெதி, கெதி’ என்று கையை வீசியவர்? வீரையாவுக்கு விளங்கவேயில்லை. வீட்டுக்கு வந்து வீரம்மாவிடம் சொன்னார்.

“நல்லதுதானே,” என்றார் வீரம்மா. “எனக்கு வானத்துல ஒரு சத்தம் கேட்டா இன்னமும் மேல பாக்கத் தோணாது. பங்கர் எங்கன்னுதான் கண்ணு தேடுது. அது பெட்டியிலேயே கெடக்கட்டும்.”

அது கிடக்கவில்லை. கார்த்திகை நடுவில் ஒரு காலை, வீரையா கூட்டுவதற்காகப் பெட்டியை இழுத்தபோது அடியில் மண் உதிர்ந்தது. நிலத்து வெடிப்பிலிருந்து ஒரு மண் கோடு நேராகப் பெட்டிக்குள் ஏறியிருந்தது. திறந்தார்கள். சிறகுக்கு விலா எலும்புபோல உருக்கொடுக்கும் தட்டுகள் ஏழு, வெளியே பார்க்க முழுசாக இருந்தன; தொட்டபோது தூளாகின. வரைபடத்தின் ஒரு ஓரத்தையும் கறையான் தின்றிருந்தது.

ஐயாவின் முகம் கறுத்தது. “நீர்தானே கீழ வைச்சனீர்?”

“நீங்க வைக்கச் சொன்னீங்க ஐயா.”

“நான் சொன்னா? இவ்வளவு காலம் இந்த மண்ணில நிண்ட உமக்குக் கறையான் தெரியாதோ?”

வீரையா ஒருநாளும் அவருக்கு எதிர்க்கதை சொன்னதில்லை. அன்றைக்கு எப்படியோ வாய் வந்துவிட்டது. “எனக்குத் தெரியுங்க. பெட்டியை அஞ்சு கிழமையா பெட்டியாவே வைச்சிருந்தா, அது கறையானுக்கும் தெரியுங்க.”

சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். படலை திறந்தபடியே கிடந்தது. சிவனேஸ்வரி, “வீரையா, தேத்தண்ணி ஊத்தியிருக்கிறன்,” என்று பின்னால் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை.

பதினொரு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. தோட்டத்துக்குப் பாத்தி கட்டினார். கட்டிய பாத்தியைக் கலைத்துத் திரும்பக் கட்டினார். கோபம் மூன்றாம் நாளே போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்து இருந்துகொண்டது: எல்லாருக்கும் முன்னால் நல்ல பெயரெடுத்த கோல், இப்போது சரிந்துவிட்டது என்று யாரோ சொன்னதுபோல ஒரு நோவு. அதைவிட, அந்த ஏழு தட்டுகளும். அவற்றை நிறுத்து, தடவி, பிரித்து வைத்தது அவருடைய கை அல்லவா.

பன்னிரண்டாம் நாள் தூறலுக்குள் ஒரு சைக்கிள் வந்து வேலியோடு நின்றது. ரீ.ஓ. ஐயா. வேலைக் காலத்தில் ஒருநாளும் அந்த வளவுக்குள் கால் வைத்திராதவர். வீரம்மா ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டார். நல்ல கோப்பையில், தட்டோடு, இஞ்சி போட்ட, பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்தார்.

ஐயா வாங்கினார். கோப்பை தட்டில் கடகடவென்று அடித்தது. மற்றக் கையையும் சேர்த்துப் பிடித்தார். அப்படியும் தேத்தண்ணி சிந்தி வேட்டியில் விழுந்தது. கோப்பையைத் தாழ்வாரத் தரையில் மெதுவாக வைத்துவிட்டு, கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளை ஒளிப்பதுபோல.

“எவ்வளவு நாளாங்க?” என்று வீரையா கேட்டார்.

“ரெண்டு வருசம். வவுனியாவில டொக்டரிட்டக் காட்டினனான். குளிசை தந்தவர். சில நாள் நிக்கும், சில நாள் நிக்காது.” தூறலைப் பார்த்தபடி சொன்னார். “அந்தக் கத்தியைப் பிடிச்சு ஒரு கோடு நேரா வெட்ட ஏலாது வீரையா. பின்னேரங்களில தனிய இருந்து எத்தினை தரம் பாத்திட்டன். பெட்டியோட வந்த உதிரிக் குச்சி முழுக்க அதிலதான் முடிஞ்சுது. உமக்கு முன்னால வெட்ட வெட்கமாக் கிடந்துது. அதுதான் மழை, பசை எண்டு சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தனான்.”

வீரையாவுக்கு எல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிந்தது. கொப்பியைச் சிவனேஸ்வரியிடம் கொடுத்து எழுதவைத்தது. ரியூப்பைப் பிடித்தபோது முழங்கையைச் சுவரோடு அழுத்தி நின்றது. தூரத்தில் நின்றபோது தோளைப் பார்த்தே மனிதரை அறிந்தவர், பக்கத்தில் நின்று இரண்டு மாதமாக எதைப் பார்த்தார்? ஐயாவின் மேல் அன்றைக்கு வந்த கோபம் இப்போது தன் மேல் திரும்பிற்று.

“தம்பிக்குத் தெரியுமாங்க?”

“கோகுலனுக்கோ? சொல்லேல்லை. சொன்னா ஆடியில வந்து என்னை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக் கொண்டு திரிவான். பிளேன் விட மாட்டான்.”

 தாழ்வாரத்தில் தண்ணீர் சொட்டியது.

“என் கை நிக்குங்க,” என்றார் வீரையா. “ஆனா அந்தப் புத்தகத்துல ஒரு எழுத்து எனக்கு வராது. படத்தப் பாத்தாலும் எது மேல எது கீழன்னு தெரியல.”

“வாசிக்கிறது நான். எங்க வெட்ட வேணும், எப்ப நிப்பாட்ட வேணும் எண்டு சொல்லுறதும் நான்.”

“சத்தம் போடக்கூடாதுங்க.”

“போட்டாக் கத்தியை வைச்சிட்டுப் போம்,” என்று தொடங்கியவர், ஒரு கணம் நின்று, எழும்பினார். “நாளைக்கு எட்டு மணிக்கு வாங்கோ.”

சைக்கிள் மறைந்த பிறகு வீரம்மா கணவனின் முகத்தையே பார்த்தார். “இந்தாங்க, கேட்டீங்களா? ‘வாங்கோ’ன்னாரு.”

“வாய் தவறியிருக்கும்,” என்றார் வீரையா. அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

கறையான் தின்ற தட்டுகளுக்காகக் கோகுலனுக்கு உண்மையைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. வீடியோவில் எடுத்து, நிலத்து வெடிப்பைக் காட்டினார்கள். அவன் சிரித்துவிட்டு, ஏழு தட்டும் புது வரைபடமும் அனுப்புவதாகச் சொன்னான். “பரவாயில்லை அப்பா. வாலைத் தொடங்குங்கோ. அதுக்குத் தட்டுத் தேவையில்லை. வெட்டேக்க விரல் கவனம்.”

“வெட்டுறது நானில்லை,” என்றார் ஐயா. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னார். “என்ர கை இப்ப கொஞ்சம் ஆடுது. வீரையாதான் வெட்டுறார்.”

 ஃபோனைப் பிடித்திருந்த சிவனேஸ்வரி, கணவனையும் வீரையாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப ஃபோனை வீரையா மாமாட்டக் குடுங்கோ,” என்று கோகுலன் சொன்னான்.  “மாமா, அந்தக் கத்தியை ஒரே இழுவையில இழுக்கக்கூடாது. மெல்ல மெல்ல மூண்டு தரம். விளங்குதோ?”

“விளங்குது தம்பி.”

“அப்பா சத்தம் போடுவார்.”

“போட்டா கத்திய வைச்சிருவேன் தம்பி. பேசி வைச்சிருக்கோம்.”

மார்கழியில் வரைபடத்தை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் குண்டூசி குத்தினார்கள். கறையான் தின்ற ஓரம் சிறகுப் பக்கம். வால் முழுசாக இருந்தது. பசை படத்தில் ஒட்டாமலிருக்க மேலே மெல்லிய பொலித்தீன். பெட்டி இப்போது அலுமாரிக்கு மேலே இருந்தது. மேசைக் கால்கள், கறையான் ஏறாதபடி கழிவொயில் ஊற்றிய தகர ரின்களுக்குள் நின்றன. ஐயா மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். வீரையா மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். முதல் குச்சி அரை நூல் குறைந்து போயிற்று. ஐயா வாயைத் திறந்தார், சிவனேஸ்வரி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார், ஐயா வாயை மூடிக்கொண்டார். உதிரிக் குச்சி மிச்சமில்லாததால் அதைச் சின்னத் துண்டொன்றுக்கு ஒதுக்கி வைத்தார்கள். இரண்டாவது குச்சி கோட்டில் அச்சொட்டாக உட்கார்ந்தது. அதற்குப் பசை வைத்து, ஊசி குத்தி, இருவரும் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள், பசை காய்வதைக் கண்ணால் காணலாம் என்பதுபோல.

தை பிறக்க முன் வால் முடிந்துவிட்டது. தையில் ஏழு தட்டுகளும் புது வரைபடமும் வந்து சேர்ந்தன. கூடவே வயலில் அறுவடையும் வந்தது. சிவனேஸ்வரி மண்டபத்துக்குள் வந்து நின்று சுற்றிப் பார்த்தார்.

“இஞ்சாருங்கோ, நெல்லு மூட்டையை இனி எங்க அடுக்கிறது? இந்தப் பிளேனின்ர தலையிலயோ?”

 ஐயாவும் வீரையாவும் வீடு முழுக்க இடம் தேடிப் பார்த்தார்கள். கடைசியில் மூட்டைகளைச் சுவரோரமாக, யன்னல் மட்டத்துக்கு அடுக்கினார்கள். நெல் தூசு படாமலிருக்க மேசைக்கு மேலே நுளம்பு வலை கட்டினார்கள். மேசையைச் சுற்றி ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கத்தான் இடம். ஐயா ஒரு மூட்டையின் மேல் ஏறி இருந்து வாசித்தார்.

வாலை வலைக்குள்ளிருந்து முதன்முதலாக வெளியே எடுத்த அன்று, சிவனேஸ்வரி கையை அலம்பிவிட்டு வந்து இரண்டு உள்ளங்கையையும் நீட்டினார். வீரையா அதை அவர் கையில் வைத்தார். அவர் பாரத்துக்காகக் கையை இறுக்கியிருந்தார், பாரம் வரவேயில்லை.

“இவ்வளவுதானோ?” என்று கேட்டார். பிறகு வெளிச்சத்தில் பார்க்க வாசல் பக்கம் திரும்பினார்.

“வெளியில கொண்டு போகாதையும்,” ஐயா மூட்டையிலிருந்து இறங்கினார். “காத்துக்கு இழுத்துக்கொண்டு போயிடும்.”

“கோழி வேற நிக்குதுங்க,” என்றார் வீரையா.

சிவனேஸ்வரி வாசற்படியிலேயே நின்று, வாலைத் தூக்கி, அதன் சட்டங்களுக்குள்ளால் முற்றத்தைப் பார்த்தார். அங்கே பாயில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பார்த்து முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சோறு போடப் போனார். ஐயாவும் வீரையாவும் இடச் சிறகுக்குப் புது வரைபடத்தை விரித்தார்கள்.